கழுவிய பின் மிஞ்சுவது

எங்கள் வேலையில் பாதி கழுவுவதுதான். புரதம் பூசிய தட்டின் குழிகளில் வெள்ளையணுக்களை விட்டு, 37 டிகிரியில் அரை மணி நேரம் வைத்திருந்து, பிறகு கழுவுவோம். ஒட்டியவை நிற்கும், மற்றவை போய்விடும். நின்றதை எண்ணுவோம். ஆய்வுக் கட்டுரையில் இதற்கு ஒரு வரிதான் இடம்: மூன்று முறை கழுவப்பட்டது. யார் கழுவினார், பிப்பெட் முனை குழியின் சுவரைத் தொட்டதா அடியைத் தொட்டதா, நீர் சொட்டாக விழுந்ததா பீச்சியடித்ததா என்பதெல்லாம் அதில் வராது. ஒரே தட்டை இரண்டு பேர் பாதிப் பாதியாகக் கழுவினால் இரண்டு விதமான எண் வரும். என் ஆய்வகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் சில வாரங்கள் இதைத் தவிர வேறு வேலை கிடையாது.

நான் இந்தத் துறைக்கு வந்தது 1980-களின் கடைசியில். வெள்ளையணுக்களின் மேற்பரப்பில் இருக்கும் ஒட்டும் ஏற்பிகள் ஒவ்வொன்றாகப் பெயர் பெற்றுக்கொண்டிருந்த காலம். ரத்த ஓட்டத்தில் அடித்துச் செல்லப்படும் ஒரு வெள்ளையணு, காயம் பட்ட இடம் வந்ததும் ரத்தக் குழாயின் சுவரைப் பற்றி நின்று, சுவரைக் கடந்து வெளியே போக வேண்டும். செலக்டின் வகை ஏற்பிகள் லேசாகப் பிடித்துப் பிடித்து விட, அணு சுவரோரமாக உருளத் தொடங்கும். இன்டெக்ரின் வகை ஏற்பிகள் பிறகு கெட்டியாகப் பிடித்து நிறுத்தும். இன்று பாடப் புத்தகத்தில் வண்ணப் படமாக இருக்கும் இந்த வரிசை, 1991-ல் மைக்கேல் லாரன்ஸும் டிமோதி ஸ்பிரிங்கரும் பாஸ்டனில் ஒரு தட்டையான ஓட்ட அறைக்குள் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களை ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் எங்களுக்குப் பளிச்சென்று விளங்கியது.

அந்த நாட்களில் எங்கள் எல்லோருக்கும் எண்ணுகிற பித்து இருந்தது. ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற கருவி வந்திருந்தது. ஒளிரும் சாயம் கட்டிய ஆன்டிபாடியைச் செல்களோடு கலந்து ஓடவிட்டால், ஒவ்வொரு செல்லிலும் ஏற்பி எவ்வளவு என்று அது வரைபடம் போட்டுக் காட்டிவிடும். ஏற்பி கூடினால் ஒட்டும், குறைந்தால் ஒட்டாது என்று எல்லோரும் நம்பினோம். பல நேரம் அது சரியாகவும் இருந்தது. சரியாக வராத நேரங்களில் செல்கள் கெட்டுப்போய்விட்டன என்று கொட்டிவிடுவது வழக்கம்.

இந்த நம்பிக்கையில் முதல் கீறல் விழுந்தது 1989-ல். டஸ்டினும் ஸ்பிரிங்கரும் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்: ஒரு டி செல்லை அதன் ஆன்டிஜென் ஏற்பி வழியாகத் தூண்டினால், எல்எஃப்ஏ-1 என்ற இன்டெக்ரின் சில நிமிடங்களில் கெட்டியாகப் பிடிக்கத் தொடங்குகிறது, சற்று நேரத்தில் பிடியை விட்டுவிடுகிறது. இதற்கிடையில் மேற்பரப்பில் எல்எஃப்ஏ-1-இன் எண்ணிக்கை மாறவே இல்லை. ஆக ஏற்பி அங்கேயேதான் இருக்கிறது, அதற்கு ஏதோ ஆகிறது. என்ன ஆகிறது என்று தேடியவர்களில் பெரும்பாலோர் செல்லுக்கு உள்ளே போனார்கள். எல்எஃப்ஏ-1-இன் பீட்டா-2 சங்கிலியின் வாலில் திரியோனின் என்ற அமினோ அமிலங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. அவற்றில் பாஸ்பேட் ஏறுவதும் இறங்குவதும் பிடிப்பை மாற்றும் என்பதைப் பல குழுக்கள் காட்டின. ஹெல்சிங்கியில் கார்ல் காம்பெர்க்கின் குழு அந்த வாலில் 758-ஆவது இடத்தில் பாஸ்பேட் ஏறினால் 14-3-3 என்ற புரதம் வந்து உட்காருகிறது என்று 2000-களில் விளக்கியது. அழகான வேலை. நான் அந்தப் பக்கம் போகவில்லை. என்னை இழுத்தது ஏற்பியின் வெளிப்பக்கம், அதன் மேல் மரம் மரமாக முளைத்திருக்கும் சர்க்கரைத் தொடர்கள்.

சர்க்கரை பக்கம் போனவர்களை அன்று பரிதாபமாகத்தான் பார்த்தார்கள். புரதத்துக்கு ஜீன் உண்டு, ஜீனை வெட்டி ஒட்டிப் புரதத்தை மாற்றலாம். சர்க்கரைத் தொடருக்கு நேரான ஜீன் கிடையாது. கால்ஜி என்ற உள்ளறையில் பத்துப் பன்னிரண்டு நொதிகள் வரிசையாக நின்று ஒன்றன் மேல் ஒன்றாகக் கட்டுகின்றன. ஒரே புரதம் ஒரே செல்லிலேயே பல வடிவங்களில் வெளிவரும். எந்த வடிவத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. மூலக்கூறு உயிரியல் கொடிகட்டிப் பறந்த காலத்தில் இந்தக் குழப்பத்தை யார் விரும்புவார்கள்?

எனக்கு வழி காட்டிய மூத்தவர் ஒருவர் ஒரு பழைய கட்டுரையின் மங்கிய நகலைக் கையில் தந்து, இதைப் படித்துவிட்டு முடிவு செய் என்றார். 1964-ல் கெஸ்னரும் கின்ஸ்பர்கும் எழுதியது. எலியின் லிம்போசைட் என்ற வெள்ளையணுக்களை எடுத்து, ஃபியூகோஸ் என்ற சர்க்கரையை அறுக்கும் நொதியோடு சற்று நேரம் வைத்து, திரும்ப எலிக்கே ஏற்றினார்கள். வழக்கமாக நிணநீர் முடிச்சுகளுக்குப் போகும் செல்கள் அங்கே போகாமல் கல்லீரலில் போய்ச் சேர்ந்தன. செல்கள் உயிரோடுதான் இருந்தன. மேலே ஒட்டியிருந்த சர்க்கரை மட்டும் மாறியிருந்தது, அதனால் போகும் ஊர் மாறிவிட்டது. செலக்டின் என்ற பெயரே பிறக்காத காலத்தில் செய்த சோதனை இது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, 1983-ல், ஸ்டூல்மனும் ரோசனும் மான்னோஸ்-6-பாஸ்பேட் என்ற சர்க்கரை லிம்போசைட் ஒட்டுதலைத் தடுக்கிறது என்று காட்டியபோதுதான் பலருக்கு இந்தப் பழைய கட்டுரை நினைவுக்கு வந்தது.

நொதி வைத்துச் சர்க்கரையை அறுப்பது எழுத எளிது, செய்வது வேறு. சியாலிக் அமிலம் என்பது பெரும்பாலான சர்க்கரைத் தொடர்களின் நுனியில் உட்காரும், எதிர்மின்னூட்டம் கொண்ட சர்க்கரை. அதை அறுக்கும் நியூராமினிடேஸ் நொதியைக் காலரா கிருமியிலிருந்தும், வாயு அழுகலை உண்டாக்கும் குளோஸ்ட்ரிடியத்திலிருந்தும் எடுப்பார்கள். அன்று விற்ற பல குப்பிகளில் புரதத்தை அறுக்கும் நொதி கொஞ்சம் கலந்திருக்கும். சர்க்கரையை எடுத்தோம், ஒட்டுதல் குறைந்தது என்று எழுதுவார்கள். உண்மையில் ஏற்பியே பாதி அறுபட்டிருக்கும். ஆகவே நியூராமினிடேஸை முடக்கும் மருந்து சேர்த்த ஒரு குழி, கொதிக்க வைத்துச் செத்த நொதி போட்ட ஒரு குழி, ஏற்பி முழுசாக இருக்கிறதா என்று ஆன்டிபாடியால் பார்க்கிற ஒரு குழாய், இந்த மூன்றும் இல்லாத முடிவை நான் இன்றுவரை நம்புவதில்லை. எல்லா நியூராமினிடேஸும் ஒன்றில்லை என்பதையும் மறக்கக் கூடாது. சில நொதிகள் 2-3 என்ற இணைப்பைத்தான் விரும்பி அறுக்கும், சில 2-6 இணைப்பையும் சேர்த்து அறுக்கும்.

எந்தச் சர்க்கரை இருக்கிறது, எது போய்விட்டது என்று பார்க்க எங்களுக்குக் கிடைத்த கருவிகள் விதைகளிலிருந்து வந்தவை. லெக்டின் என்ற புரதங்கள் குறிப்பிட்ட சர்க்கரை வடிவத்தை மட்டும் பிடிக்கும். நிலக்கடலை லெக்டின் சியாலிக் அமிலம் போன பிறகு வெளியே தெரியும் காலக்டோஸைப் பிடிக்கும், சியாலிக் அமிலம் மூடியிருந்தால் தொடாது. பலாக்கொட்டையில் இருக்கும் ஜாக்கலின் அதற்கு உறவுக்காரன் மாதிரி, ஆனால் அவ்வளவு கண்டிப்பானதில்லை. இந்த இரண்டின் முப்பரிமாண வடிவத்தையும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எம். விஜயனின் குழு 1990-களில் கண்டறிந்தது. வெளிநாட்டில் ஒரு கூட்டத்தில், சின்னக் குப்பிக்கு இவ்வளவு டாலரா என்று ஜாக்கலின் விலையைப் பற்றி ஒருவர் அலுத்துக்கொண்டபோது, நாங்கள் அதைச் சாம்பாரில் போடுவோம் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

நிலக்கடலை லெக்டினை வைத்து இஸ்ரேலின் வைஸ்மன் கழகத்தில் ரெய்ஸ்னரும் நேதன் ஷாரனும் 1976-ல் செய்த வேலையை நான் ஒவ்வொரு ஆண்டும் மாணவர்களுக்குச் சொல்கிறேன். தைமஸ் சுரப்பியில் இளம் டி செல்களை நிலக்கடலை லெக்டின் பிடிக்கிறது, முதிர்ந்தவற்றைப் பிடிப்பதில்லை. காரணம், முதிரும்போது செல் தன் மேல் சியாலிக் அமிலத்தைப் பூசிக்கொள்கிறது. இது வெறும் அடையாளக் குறி என்றுதான் ரொம்ப காலம் நினைத்தார்கள். 2001-ல் வேறு வேறு குழுக்கள் காட்டியது என்னவென்றால், அந்தப் பூச்சு ஏறியதும் சிடி8 என்ற ஏற்பி தன் இணையைப் பிடிக்கும் வலு குறைகிறது. இளமையில் எளிதாகப் பிடிக்கும் கை முதிர்ந்ததும் சற்றுத் தயங்குகிறது. புரதத்தில் ஓர் அமினோ அமிலம்கூட மாறவில்லை. வேட்டியில் வந்த ஆளே அடுத்த நாள் காக்கி உடுப்பில் வந்தால் தெருவே வேறு மாதிரி நடந்துகொள்கிறதல்லவா, அதுபோல.

என் சொந்த வேலையில் பெரும்பகுதி ஒரு ஜெல்லில் தெரிந்த நிழலைச் சுற்றித்தான். மோனோசைட் செல்கள் மேக்ரோஃபேஜாக மாறும்போது எப்படி ஒட்டும் தன்மை பெறுகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஆய்வகத்தில் இதற்கு யு937, டிஎச்பி-1 என்ற செல் வகைகளை எடுத்து பிஎம்ஏ என்ற வேதிப்பொருளைத் துளி சேர்ப்போம். பிஎம்ஏ வேறெதுவுமில்லை, நம்மூர் நாட்டு மருந்துக் கடையில் பேதிக்குத் தரும் நேர்வாளக் கொட்டையின் எண்ணெயில் இருப்பதுதான். அதுவரை மிதந்துகொண்டிருந்த செல்கள் ஓரிரு நாளில் தட்டின் அடியைப் பிடித்துப் பரந்து உட்கார்ந்துவிடும். பீட்டா-1 இன்டெக்ரினை ஜெல்லில் ஓடவிட்டால், முதிர்ந்த வடிவம் மேலே ஒரு பட்டையாகவும், கால்ஜியைக் கடக்காத இளம் வடிவம் கீழே ஒரு பட்டையாகவும் வரும். பிஎம்ஏ சேர்த்த செல்களில் மேல் பட்டை ஒரு நூலளவு கீழே இறங்கி நின்றது. இது சிதைந்த புரதம், மாதிரியைச் சரியாகக் குளிரில் வைக்கவில்லை என்பார்கள். அப்படிச் சொல்லி எத்தனை ஆய்வகங்களில் எத்தனை ஜெல்கள் குப்பைக்குப் போயிருக்குமோ.

அந்த நூலளவு வித்தியாசத்தைக் கடைசிவரை துரத்தியவர் அலபாமா பல்கலைக்கழகத்தின் பர்மிங்ஹாம் வளாகத்தில் சூசன் பெல்லிஸ். 2002-ல் அவர் குழு எழுதியதைப் படித்த அன்று எங்கள் ஆய்வகத்தில் வேறு பேச்சே இல்லை. இறங்கி நின்ற பட்டை சியாலிக் அமிலம் குறைந்த இன்டெக்ரின். அப்படிக் குறைந்த இன்டெக்ரின் ஃபைப்ரோனெக்டின் என்ற புரதத்தை இன்னும் வலுவாகப் பிடிக்கிறது. சியாலிக் அமிலத்தை 2-6 இணைப்பில் ஏற்றும் எஸ்டி6கால்-1 என்ற நொதி பிஎம்ஏ சேர்த்ததும் குறைந்துவிடுகிறது, அதன் பிறகு புதிதாக உருவாகி மேலே வரும் இன்டெக்ரின்கள் மொட்டையாக வருகின்றன. அந்த நொதியை வெட்டி வெளியேற்றுவது பேஸ்-1 என்ற இன்னொரு நொதி. அல்சைமர் நோய் பற்றிப் படித்தவர்களுக்குத் தெரிந்த அதே பேஸ்-1தான். நரம்பியல்காரர்கள் அதை முடக்கும் மருந்து தேடிக்கொண்டிருந்த ஆண்டுகளில், அதே கத்தரி மோனோசைட்டின் ஒட்டும் தன்மையை மாற்றிக்கொண்டிருந்தது.

ஏற்கெனவே மேலே நிற்கும் இன்டெக்ரினை யாரும் வந்து சிரைப்பதில்லை. புதியவை வந்து பழையவற்றின் இடத்தைப் பிடிக்க வேண்டும். பாஸ்பேட் என்றால் நிமிடங்களில் ஏறி இறங்கும். இந்தச் சர்க்கரை மாற்றத்துக்கு மணிக்கணக்கும் நாள்கணக்கும் ஆகும். சண்டைக்கு ஓடும் செல்லுக்கு முதலாவது வேண்டும். திசுவில் குடியேறித் தங்கப்போகும் செல்லுக்கு இரண்டாவது போதும். எங்கள் கூட்டங்களில் பாஸ்பேட்காரர்களும் சர்க்கரைக்காரர்களும் மோதிக்கொண்ட பல சண்டைகளுக்குக் காரணம், ஒருவர் பத்து நிமிடத்தில் அளந்ததை இன்னொருவர் நாற்பத்தெட்டு மணி நேரத்தில் அளந்ததுதான்.

சிடி44 என்ற ஏற்பியிலும் ஏறத்தாழ இதே கதை. ஹையலுரோனான் என்ற பொருளைப் பிடிப்பது அதன் வேலை, ஆனால் ரத்தத்தில் ஓடும் பெரும்பாலான வெள்ளையணுக்களில் அது இருந்தும் பிடிப்பதில்லை. 1995-ல் ஒக்லஹோமாவில் கின்கேடின் குழு அதன் சர்க்கரைகளே பிடியைத் தடுப்பதாகக் காட்டியது. 1998-ல் கனடாவில் பாலின் ஜான்சனின் குழு, அழற்சியின்போது சுரக்கும் டிஎன்எஃப் அதே ஏற்பியில் சல்ஃபேட்டை ஏற்றி அதை எழுப்பிவிடுவதாகச் சொன்னது. ஒரே ஏற்பியின் மேல் ஒன்று எடுக்கப்படுவதும் இன்னொன்று சேர்க்கப்படுவதும்.

இதையெல்லாம் பார்த்து, சியாலிக் அமிலம் என்றாலே ஒட்டுதலுக்குத் தடை என்று ஒரு சூத்திரம் போட்டுக்கொண்டவர்கள் செலக்டினிடம் வந்து முட்டிக்கொண்டார்கள். செலக்டின் பிடிப்பதே சியாலிக் அமிலமும் ஃபியூகோஸும் சேர்ந்த சியாலில் லூயிஸ் எக்ஸ் என்ற வடிவத்தைத்தான். அங்கே சியாலிக் அமிலத்தை எடுத்தால் உருளலே நின்றுவிடும். நியூட்ரோஃபில்லின் மேல் இருக்கும் பிஎஸ்ஜிஎல்-1 என்ற ஏற்பியில் இந்தச் சர்க்கரை மட்டும் போதாது, பக்கத்தில் உள்ள டைரோசின்களில் சல்ஃபேட்டும் ஏறியிருக்க வேண்டும் என்று 1995-ல் தெரிந்தது. செல்களைக் குளோரேட்டில் வளர்த்தால் சல்ஃபேட் ஏறாது, பி-செலக்டினும் கண்டுகொள்ளாது. எந்த ஏற்பி, எந்த இடம் என்று சொல்லாமல் சியாலிக் அமிலம் நல்லதா கெட்டதா என்று கேட்கிறவரிடம் நான் பதில் சொல்வதில்லை.

இந்தச் சர்க்கரைகள் குழந்தைகளின் உயிரோடு எப்படிப் பின்னியிருக்கின்றன என்பது தெரிந்தது 1992-ல். அமோஸ் எட்சியோனியும் சகாக்களும் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் இரண்டு சிறுவர்களைப் பற்றி எழுதினார்கள். அடிக்கடி தொற்று, ரத்தத்தில் வெள்ளையணு ஏகமாக இருந்தும் தொற்று உள்ள இடத்தில் சீழ் இல்லை, வளர்ச்சியும் மூளைத் திறனும் குன்றியிருந்தன. இன்டெக்ரின்கள் சரியாக இருந்தன. சியாலில் லூயிஸ் எக்ஸ் மட்டும் இல்லை. இருவருக்கும் ரத்த வகை பம்பாய் வகை. 1952-ல் பம்பாயில் பெண்டேயும் கூட்டாளிகளும் கண்டுபிடித்த அதே வகை, ஓ வகைக்கும் அடிப்படையான எச் என்ற சர்க்கரையே இல்லாதது. ஃபியூகோஸ் இல்லாமல் எச் இல்லை, சியாலில் லூயிஸ் எக்ஸும் இல்லை. காரணம், ஃபியூகோஸைக் கால்ஜிக்குள் கொண்டுபோகும் வாயிற்காவல் புரதத்தில் பிழை என்று 2001-ல் உறுதியானது. நம் நாட்டில் சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு இருக்கும் பம்பாய் வகைக்குக் காரணம் வேறு. அவர்களிடம் எச்-ஐக் கட்டும் நொதி மட்டும்தான் இல்லை, வெள்ளையணுவில் ஃபியூகோஸ் ஏறுவதில் குறை இல்லை, ரத்தம் ஏற்றும் நேரம் தவிர வேறு தொல்லையும் இல்லை.

அந்தச் சிறுவர்களில் ஒருவரின் நியூட்ரோஃபில்களை ஃபான் ஆண்ட்ரியன் 1993-ல் முயலின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் ஓடவிட்டுப் பார்த்தார். அவை சரியாக உருளவில்லை. ஆனால் ரத்த ஓட்டத்தைச் சற்று நிறுத்தி வைத்தால் ஒட்டிக்கொண்டன. இன்டெக்ரின் இல்லாத இன்னொரு நோயாளியின் செல்கள் நேர்மாறாக, நன்றாக உருண்டன, நிற்க முடியவில்லை. நான் கழுவிக் கழுவி எண்ணிய அசையாத தட்டில் அந்தச் சிறுவனின் செல்களைப் போட்டிருந்தால் நோயே இல்லை என்று விடை வந்திருக்கும். அந்தக் கட்டுரையைப் படித்த பிறகு எங்கள் ஆய்வகத்தில் சிரிஞ்ச் பம்பும் ஓட்ட அறையும் வாங்க எழுதிப் போட்டோம்.

சிகிச்சையிலும் ஒரு பாடம் இருந்தது. அதே நோய் கண்ட ஒரு துருக்கிக் குழந்தைக்கு ஜெர்மனியில் ஃபியூகோஸை வாய்வழியே கொடுத்தார்கள். செலக்டின் பிடிக்கும் சர்க்கரை திரும்ப வந்தது, தொற்றுகள் குறைந்தன. எட்சியோனி பார்த்த இஸ்ரேலியக் குழந்தைகளுக்கு அதே முறை பலன் தரவில்லை. வாயிலில் பிழை எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தது அது.

மருந்து நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. சியாலில் லூயிஸ் எக்ஸ் போலவே ஒரு சர்க்கரையைச் செய்து ரத்தத்தில் ஏற்றினால் அழற்சி நிற்கும் என்று 1990-களில் கோடிக்கணக்கில் செலவு செய்தார்கள், தோற்றார்கள். பிடிப்பு பலவீனமானது, சிறுநீரில் சீக்கிரம் போய்விடும். எல்எஃப்ஏ-1-ஐ அடைக்கும் எஃபலிசுமாப் 2003-ல் தோல் நோய்க்கு வந்து, மூளையைத் தாக்கும் வைரஸ் தொற்று காரணமாக 2009-ல் போனது. ஏற்பியை முழுதாக அடைப்பவர்கள் அது செய்யும் நல்ல வேலையையும் சேர்த்து அடைக்கிறார்கள். எனக்கு நம்பிக்கை தந்தது எதிர்த்திசையில் போன வேலை: செல்லின் மேல் சர்க்கரையை வெளியிலிருந்தே ஏற்றுவது. 2008-ல் ராபர்ட் சாக்ஸ்டீன் எலும்பு மஜ்ஜைக்குப் போகத் தெரியாத செல்களின் சிடி44-இல் ஃபியூகோஸை ஏற்றி அவற்றை அங்கே போக வைத்தார். ஹூஸ்டனில் எம்டி ஆண்டர்சன் மருத்துவமனை 2015-ல் வெளியிட்ட ஆய்வில், தொப்புள்கொடி ரத்தச் செல்களை ஃபியூகோஸ் நொதியில் அரை மணி நேரம் ஊறவைத்து நோயாளிகளுக்கு ஏற்றினார்கள். நியூட்ரோஃபில்கள் தலைகாட்ட முன்பு 26 நாட்கள் ஆன இடத்தில் 17 நாட்களில் வந்தன. 1964-ல் ஃபியூகோஸை எடுத்துச் செல்களை வழி மாற்றினார்கள், இப்போது ஃபியூகோஸைப் போட்டு வழி சொல்கிறார்கள்.

இப்போது என் வேலை பெரும்பாலும் குழந்தைகளின் ரத்த மாதிரிகளோடுதான். பிறந்து மூன்று வாரமாகியும் தொப்புள்கொடி விழவில்லை, வெள்ளையணு ஐம்பதாயிரம், புண்ணில் சீழ் இல்லை என்ற குறிப்போடு வரும். சிடி18 என்ற இன்டெக்ரின் சங்கிலியைச் சைட்டோமீட்டரில் பார்த்தால் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும். சிக்கல், அறிகுறிகள் இருந்தும் சிடி18 சரியாக இருக்கிறது என்று அறிக்கை வாங்கிக்கொண்டு வரும் குழந்தைகளிடம்தான். எண்ணிக்கை சரி என்றதும் பலர் அந்தக் கோப்பை மூடிவிடுகிறார்கள். சிடி18 இருந்தும் வேலை செய்யாமல் இருக்கலாம். அதை உள்ளிருந்து திறக்கும் கின்ட்லின்-3 இல்லாமல் இருக்கலாம், அப்படியானால் ரத்தப்போக்கும் சேர்ந்திருக்கும். ஃபியூகோஸ் குறையாகவும் இருக்கலாம்.

அப்படி ஒரு மாதிரி வந்தால் என் வரிசை இதுதான். பச்சை மூடிக் குழாயில், ஹெப்பாரினில், எடுத்த ரத்தம் வேண்டும். ஊதா மூடிக் குழாயில் இருக்கும் ஈடிடிஏ கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடுங்கிவிடும், அவை இல்லாமல் செலக்டினும் பிடிக்காது, இன்டெக்ரினும் பிடிக்காது. ஐஸில் வைத்து அனுப்பக் கூடாது, அன்றைக்கே வர வேண்டும். வந்ததும் சிடி18-ஓடு சியாலில் லூயிஸ் எக்ஸுக்கான ஆன்டிபாடியையும் சேர்த்துப் போடுவோம். அதற்கும் முன்னால், மாதிரியைக் கொண்டு வந்தவரிடம் கேட்பது குழந்தையின் ரத்த வகை. ஓ என்று எழுதியிருந்தால் எச் ஆன்டிஜென் பார்த்தார்களா என்று ரத்த வங்கிக்கு ஒரு ஃபோன் போடுவேன். பாதி நேரம் பார்த்திருக்க மாட்டார்கள்.